துபாய் லாரியும் கரகர அண்ணாச்சியும்

எண்பதுகளில் தென்காசியில் இருந்தவர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். கரகர அண்ணாச்சியிடம் ஏச்சு வாங்கியவர்கள், வீட்டில் ரேடியோ இல்லாதவர்கள்.

அவருடைய சொந்தப் பெயர் பக்கத்து விதைக் கடையில் வேலை பார்த்த எனக்கே தெரியாது. வால்யூமைத் திருகினால் கரகரவென்று இரையும் ரேடியோவைச் சரிசெய்வதில் அவரை அடிக்க ஆளில்லை. அவர் குரலும் அதே ரகம். இரண்டுக்கும் சேர்த்து ஊர் வைத்த பெயர் அது. அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அவர் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. சாமானை மேசையில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். என்ன கோளாறு என்று நாம் சொல்லக்கூடாது. வாசுதேவநல்லூரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த ரேடியோவை இறக்கிய ஒரு மனிதர், "வால்வு போயிருக்கும் போல" என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டார். எல்லாம் தெரிந்தவருக்கு இங்கே என்ன ஜோலி என்று அதே ரேடியோவை அவர் மடியிலேயே திருப்பி வைத்து அனுப்பினார் அண்ணாச்சி. செய்தி வாசிப்பவர் நடுவில் இருமினால்கூட, உடம்பு சரியில்லாதவன் எதற்கு வேலைக்கு வந்தான் என்று ரேடியோவைப் பார்த்து ஏசுவார்.

இப்பேர்ப்பட்டவரிடம் போய் என் அத்தானின் லாரி மாட்டியது.

அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். அக்கா வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது துபாய்க்குப் போனவர், அந்தப் பிள்ளை செல்விக்கு நாலு வயதான பிறகுதான் முதல் லீவில் வந்தார். அவள் அவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சாக்லேட்டை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவாள். "அப்பா சொல்லு" என்று கெஞ்சினால் அக்காவின் சேலைக்குள் தலையை விட்டுக்கொள்வாள். அத்தான் கொண்டுவந்த சாமான்களிலேயே அவள் மனசுக்குப் பிடித்தது ஒன்றுதான். அது கம்பியில்லாமல் ஓடுகிற ரிமோட் லாரி. பூசணிக்காய் மாதிரி நாலு சக்கரம். பாறை மேலே மெதுவாக, ஊர்ந்து ஊர்ந்து ஏறும்.

சாரல் காலம். அத்தான் குளிக்கப் போகும்போதெல்லாம் குற்றாலத்து ஐந்தருவிக்கு எங்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு லாரியையும் தூக்கிக்கொண்டு போவார். அது பாறையில் ஏறுவதைப் பார்க்கச் செல்வி தூர நிற்பாள். அடுத்த தடவை கொஞ்சம் கிட்டே வருவாள். இன்னும் நாலு தடவை போனால் மடியிலேயே உட்கார்ந்துவிடுவாள் என்று அத்தான் கணக்குப் போட்டிருந்தார். அந்த நேரம் பார்த்து லாரிக்குக் கோட்டி பிடித்தது. ரிமோட்டில் குச்சியை மெல்லத் தள்ளினால் அசையாது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் மிரண்ட கன்றுக்குட்டி மாதிரி ஒரே பாய்ச்சல். ஒருநாள் செல்வியின் காலிலேயே போய் இடித்தது. அவள் வீறிட்டுக்கொண்டு ஓடியவள்தான், அதற்குப் பிறகு லாரி பக்கமும் வரவில்லை, அத்தான் பக்கமும் வரவில்லை.

லீவு முடியப் போகிறது. "அவ பயத்தோட நான் பிளேன் ஏறக் கூடாது மாப்ளே" என்று அத்தான் லாரியை என் கையில் கொடுத்தார்.

கடைச் சட்டப்படி நான் கோளாறைச் சொல்லாமல் லாரியையும் ரிமோட்டையும் மேசையில் வைத்தேன். அண்ணாச்சி லாரியைப் பிரித்தார். மோட்டாரைக் கழற்றினார், பல்சக்கரத்தைக் கழற்றினார், ஒயரை எல்லாம் அறுத்து மறுபடி பற்ற வைத்தார். கடைசியில் ஓட்டிப் பார்த்தால் லாரி மேசையிலிருந்து பாய்ந்து டீ கிளாஸை உடைத்தது. லாரி செய்த அநியாயத்துக்கு எனக்கு ஏச்சு. அப்புறம்தான் ரிமோட்டைத் திறக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. உள்ளே குச்சிக்கு அடியில் ரேடியோ வால்யூம் மாதிரியே ஒரு சாமான். அதில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து களிம்பாக அப்பியிருந்தது.

"எவம்லே இதுல எண்ணெய ஊத்துனது?"

யாரும் ஊற்றவில்லை என்றேன். தையல் மிஷினா இது, பொய் வேற சொல்லுதியா என்று தெருவே கேட்க ஏசினார். பெட்ரோல் விட்டுத் துடைத்தார். லாரி மேசை மேல் எறும்பாக ஊர்ந்தது. சந்தோஷமாகக் கொண்டுபோனோம். ஐந்தருவியில் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது, பிறகு அதே பாய்ச்சல். திரும்ப அண்ணாச்சியிடம் போனால் உள்ளே அதே எண்ணெய். நான் பொய்யன், என் அத்தான் பொய்யன், எங்கள் விதைக் கடையில் விற்கிற வெண்டை விதைகூட முளைக்காத பொய் விதை என்று ஆரம்பித்தார்.

எனக்கும் ரோஷம் உண்டு. முளைத்தே தீரும் விதையைச் சொன்னதும் பொறுக்க முடியவில்லை. "சந்தேகம்னா நீங்களே வந்து பாருங்க அண்ணாச்சி" என்று கத்திவிட்டேன்.

வந்துவிட்டார். அதுவரை குற்றாலத்துச் சீசனைக் கண்ணால் பார்க்காதவர், கூட்டம் என்றாலே ஆகாதவர், சட்டைப் பையில் திருப்புளியும் பெட்ரோல் குப்பியுமாகச் சாரலில் நனைந்தபடி ஒரு பாறையில் உட்கார்ந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அத்தான் வழக்கம்போலத் துண்டைக் கட்டிக்கொண்டு எண்ணெய் தேய்ப்பவர் முன்னால் உட்கார்ந்தார். குற்றாலத்துக்கு வந்து எண்ணெய் தேய்க்காமல் அருவியில் நிற்பது நம் ஆட்கள் வழக்கத்திலேயே கிடையாது. உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை தேய்த்தாயிற்று. எண்ணெய் ஊறுகிற நேரத்தை வீணாக்குவானேன் என்று அத்தான் லாரியைப் பாறையடியில் வைத்தார். சொட்டச் சொட்ட எண்ணெய்க் கையோடு ரிமோட்டை எடுத்தார். முழங்கையிலிருந்து வழிந்த எண்ணெய் குச்சியோரம் இறங்குவதை நானும் அப்போதுதான் கண்டேன்.

அண்ணாச்சி எழுந்தார்.

"வே துபாய்க்காரரே! கையா அது, செக்கா? இதத் துடைக்கத் துப்பில்லாம என்னைப் போட்டுக் கொல்லுதீரே!"

அருவிச் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் கேட்டது. குளிக்க வந்தவர்கள் கூடிவிட்டார்கள். அத்தான் துண்டோடு தலைகுனிந்து நின்றார். அண்ணாச்சி விடவில்லை, துபாயில் ஆரம்பித்து அத்தானின் தாத்தா வரை போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அருவிக்குள் தள்ளிவிடலாமா என்றிருந்தது.

அப்போது தூரத்தில் நின்ற செல்வி அக்காவின் கையை உதறிவிட்டு ஓடிவந்தாள். அத்தானுக்கு முன்னால் நின்று, அவர் எண்ணெய்க் காலை ஒரு கையால் கட்டிக்கொண்டு, அண்ணாச்சியை அண்ணாந்து பார்த்தாள்.

"எங்கப்பாவ ஏசாத."

அண்ணாச்சி பாதியில் நிறுத்திய ஒரே ஏச்சு அதுவாகத்தான் இருக்கும். அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டே, கண்ணில் எண்ணெய் பட்டுவிட்டது என்றார்.

அண்ணாச்சி ரிமோட்டை வாங்கிப் பாறையிலேயே பிரித்து, பெட்ரோல் விட்டு, தன் சட்டை நுனியால் துடைத்து மூடினார். அத்தானிடம் தரவில்லை. குனிந்து செல்வியின் கையில் கொடுத்தார்.

"சரி, ஏசல. நீ ஓட்டுட்டி. உங்கப்பன் கையக் கழுவுனாத்தான் குடுக்கணும், கேட்டியா?"

லாரி பாறை மேல் ஊர்ந்து ஏறியது. அதைப் பார்க்க அண்ணாச்சி நிற்கவில்லை. பஸ்ஸுக்குப் போகிற வழியெல்லாம், சட்டை பாழாகிவிட்டது என்று என்னைத்தான் ஏசிக்கொண்டு வந்தார்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. இப்போது எந்தச் சாமான் ரிப்பேருக்குப் போனாலும் கடைக்காரர்கள் நாற்காலி போட்டு, என்ன கோளாறு சார் என்று பணிவாகக் கேட்கிறார்கள். வாயை மூடு என்று ஒருவராவது சொல்ல வேண்டுமே! எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.