நான் ஆறாம் கட்டளையை மீறியது குறித்து

கிறிஸ்துவுக்குள் பிரியமுள்ள அத்தான் ஜெபசீலன் அவர்களுக்கு, பாளையங்கோட்டையிலிருந்து மைத்துனன் ஹெப்ரான் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அக்காவின் முழங்கால் வலிக்காகக் குடும்ப ஜெபத்தில் மன்றாடுகிறோம்.

நம் சி.எஸ்.ஐ. வீட்டுக்கு ஆர்.சி. கத்தோலிக்க மாப்பிள்ளை என்றால் நாங்குநேரியை விட்டு அசையமாட்டேன் என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். என் மகள் ஃபெபியைப் பெண் பார்க்கக் கூடங்குளம் பக்கத்திலிருந்து பையன் பெனோ, அவன் அப்பா சூசை மரியான், அம்மா மூவரும் வந்தார்கள். இலையில் உட்கார்ந்ததும் மரியான், "எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு சிரமம்?" என்றார். நான் சும்மா இருக்காமல், "உங்களுக்காகக் காலையில ஆறாம் கட்டளையவே மீறிட்டேன்" என்றேன். வீட்டுச் சேவலை என் கையாலேயே அறுத்ததைத்தான் சொன்னேன். அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "வீட்டுல தெரியுமா?" என்று பைய கேட்டார். "எம் பொஞ்சாதி லில்லி கூடத்தான நின்னா! சட்டுனு முடிங்க, அவிய வந்திருவாவன்னு விரட்டுனா." "இதான் முதல் தடவையா?" "இல்ல, கிறிஸ்துமஸ், ஈஸ்டருக்கும் வழக்கம்தான்." பெனோவின் அம்மா இலையை மூடிவிட்டுக் கைப்பையைத் தேட ஆரம்பித்தார்.

நல்லவேளை, பெனோ கேட்டான்: "மாமா, உங்க ஆறாம் கட்டளை என்னது?"

"கொலை செய்யாதிருப்பாயாக. ஏன்?"

"எங்களுக்கு அது அஞ்சாவது. ஆறாவது, விபசாரம் செய்யாதே."

லில்லி குழம்புச் சட்டியோடு அப்படியே நின்றாள். நான் சேவலின் இறகைக் காட்டி நிரூபிக்க வேண்டியதாயிற்று. மரியானுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

எனக்கோ அதிசயம் தாங்கவில்லை, அத்தான். விக்கிரகம் கூடாது என்பதை அவர்கள் முதல் கட்டளையோடு சேர்த்துக்கொள்கிறார்களாம். பிறருடையதை இச்சியாதே என்பதைக் கடைசியில் இரண்டாகப் பிரிக்கிறார்களாம். நம் கணக்குத்தான் வேதத்தில் இருக்கிறது என்று யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தைத் திறந்தேன். வசனத்துக்கு எண் இருக்கிறது, கட்டளைக்கு எண்ணே இல்லை! நீங்களும் எடுத்துப் பாருங்கள்.

"அதுக்குத்தான் திருச்சபை வேணும்ங்கோம். எண்ணிச் சொல்ல ஆள் வேண்டாமா?" என்றார் மரியான்.

"வேதம் கையில இருக்கு. ஆள் எதுக்கு?"

"அப்ப உங்களுக்கு ஆறுன்னு யாரு சொன்னா?"

"ஓய்வுநாள் பள்ளி வாத்தியார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனாலும் விடவில்லை. "சரி, உங்க ஆளு தப்பா எண்ணிட்டா யாரு திருத்துவா?"

மரியான் இன்னொரு துண்டு கறியை எடுத்துக்கொண்டார். "நல்ல கேள்விதான். எங்க கோயில் சாமியார்ட்ட கேக்கணும்."

"அதையும் அவர்ட்டயேவா?"

பெனோவின் அம்மா கைப்பையை வைத்துவிட்டு மறுபடி சாப்பிட உட்கார்ந்தார். சாயங்காலம் வரை நானும் மரியானும் இரண்டு வேதாகமத்தையும் புரட்டிக்கொண்டிருந்தோம். இத்தனை வருஷம் படித்ததில் கேட்காத கேள்வியெல்லாம் அன்றைக்குக் கேட்டேன். கல்யாணம் நம் ஆலயத்தில். அவர்கள் ஆயரிடம் அனுமதி வாங்குவது மரியான் பொறுப்பு. ஃபெபி நம் சபை, பெனோ அவன் சபை, யாரும் மாறுவதில்லை. இதற்கு நான் ஜாமீன். ஆகையால் நீங்கள் வந்துதான் ஆக வேண்டும். சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டையும் உங்கள் கோபத்தையும் பொறுப்பெடுத்துக்கொள்வாராக.

அன்புள்ள மைத்துனன்,
ஹெப்ரான்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் ஃபெபியிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியில் அழுதுவிட்டாள். பெனோவுக்காக அவள் ஒரு மாதமாக ஆர்.சி. கோயிலில் சேர ஞானோபதேசம் படிக்கிறாளாம். உடனே பெனோவுக்குப் போன் போட்டேன். அவன் இவளுக்காக நம் சபையில் சேரப் போதகர் ஐயரிடம் திடப்படுத்தல் வகுப்புக்குப் போகிறானாம்! ஒருத்தருக்கொருத்தர் சொல்லவில்லை. இப்போது பெண் ஆர்.சி., மாப்பிள்ளை சி.எஸ்.ஐ. மரியான் சேதி கேட்டு இங்கேதான் பஸ் ஏறி வந்துகொண்டிருக்கிறார். அத்தான், நீங்களும் உடனே வாருங்கள். நாம் பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா என்றே எனக்கு விளங்கவில்லை.