வலது கட்டைவிரல் மீண்ட வரலாறு

என் அக்காள் பெற்ற தங்கமும், தொழிற்சாலை முதலுதவி அறையின் தனிப்பெரும் நர்ஸுமான மருமகளுக்கு, உன் மாமன் பத்து விரல்களோடு எழுதிக்கொள்வது. பத்து என்பதை இரண்டு முறை படி. வலது கை கட்டுக்குள் இருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் அத்தை எழுதுகிறாள். நீ நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நான் நலமாயிருப்பதே உன்னால்தான் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் தையல் மெஷின் சக்கரத்தைத் துரு தின்றுகொண்டிருந்ததும், பக்கத்துப் பட்டறைக்காரர் துரு நீக்கும் அமிலம் ஒரு பாட்டில் கொடுத்ததும் உனக்குத் தெரியும். போன மாதம் வந்தபோதே, "மாமா, இது பொல்லாதது, திருப்பிக் குடுத்துடுங்க" என்றாய். "குடுக்க மாட்டீங்கன்னு தெரியும்" என்று, அமிலம் பட்டால் உடனே தடவச் சொல்லி ஒரு டியூப் கால்சியம் பசையையும் கையில் திணித்துவிட்டுப் போனாய். நாற்பது வருஷமாக ஊசிமுனையில் ராஜ்ஜியம் நடத்துகிறவன், ஒரு பாட்டிலுக்கா பயப்படுவேன்? செவ்வாய்க்கிழமை காலை கையுறை மாட்டிக்கொண்டு தேய்த்தேன். சக்கரம் சூரியனோடு போட்டி போட்டது. கையுறையின் கட்டைவிரலில் என் ஊசியே போட்டிருந்த ஓட்டைதான் கண்ணில் படவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தது பார்! வெளியே பார்த்தால் லேசான சிவப்பு, உள்ளே ஆயிரம் கொல்லர்கள் எலும்பைச் சம்மட்டியால் அடிக்கிறார்கள். நான் போட்ட சத்தத்தில் காக்கைகள் அடுத்த கண்டத்துக்குக் குடிபெயர்ந்தன.

போனில் உன்னிடம், "ஒண்ணுமில்லம்மா, விரல் கொஞ்சம் கோவிச்சுக்கிட்டிருக்கு" என்றேன்.

"மாமா, விளையாடாதீங்க. விரலே போயிடும். குழாயைத் திறந்து கையை நீட்டுங்க. அத்தைகிட்ட போனைக் குடுங்க."

விரல் போனால் கத்தரிக்கோலை எதால் பிடிப்பேன்? போனை உன் அத்தையிடம் நீட்டிவிட்டுக் குழாயடிக்கு ஓடினேன். உன் அத்தை கழுவினாள், பசையை விரலில் தேய்த்தாள், மிச்சத்தைப் புதுக் கையுறைக்குள் பிதுக்கி என் கையை அதற்குள் நுழைத்தாள். அந்தக் கோலத்தில்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஊர்வலம் போனேன். பாதி வழியிலேயே கொல்லர்களில் ஐந்நூறு பேர் வேலையை விட்டு ஓடினார்கள். அந்த அமிலம் உடம்பிலுள்ள கால்சியத்தைத் தேடித் தின்னுமாம். பசையோ தோல் வழியாகவே உள்ளே இறங்கி, "இந்தா, என்னைத் தின்னு" என்று தன் கால்சியத்தைக் கொடுத்து எலும்பைக் காப்பாற்றுமாம். டாக்டர் ஒரு நாள் படுக்கவைத்து இதயத்தையும் கவனித்தார். "பசை கையோட இருந்ததால பிழைச்சீங்க" என்றார்.

இருக்காதா பின்னே? நீ கொடுத்த டியூப்பை மூடிகூடத் திறக்காமல், கஜானாவைப் போல் காத்து வந்தவன் நானல்லவா! பாட்டில் பட்டறைக்கே போய்விட்டது. வேடிக்கை போதும். இனி நான் தைக்கும் ஒவ்வொரு தையலும் உன் கணக்கில்தான் அம்மா. நீ தொட்டதெல்லாம் ஆறட்டும், உன் கைக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

உன் அன்பு மாமன்

பி.கு: இது அத்தை எழுதுவது. அவர் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். விரல் தேறிவிட்டது, கவலைப்படாதே. ஆனால் அன்று அந்தக் கஜானாவைத் திறந்து பார்த்தபோது டியூப் சப்பையாக இருந்தது. மீசையை முறுக்கினால் நன்றாக நிற்கிறது என்று மாதம் முழுக்கத் தடவியிருக்கிறார். "இன்னொண்ணு உங்ககிட்ட இருக்கட்டும் அத்தை, மாமாகிட்ட சொல்லாதீங்க" என்று நீ கொடுத்தாயே, பொத்தான் டப்பாவில் ஒளித்துவைத்திருந்த அந்த டியூப்தான் விரலைக் காப்பாற்றியது. அடுத்த முறை வரும்போது ஒன்று கொண்டுவா, என்னிடம் மட்டும் கொடு. அவர் மீசை இனி எந்த அமிலத்துக்கும் அஞ்சாது.