முடிக்காக இருமியவர்

இது நான் நேரில் பார்த்த கதை இல்லை. நகரியில் என்னோடு படித்த ஹரிதா, தன் அப்பா அம்மாவைப் பற்றிச் சொன்னது. ஹரிதா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். அதனால் நான் நம்பியதை மட்டும் எழுதுகிறேன்.

அவள் அப்பா செங்கல்வராயனுக்குச் சொந்தமாக விசைத்தறி உண்டு. அதைவிடப் பெரிய சொத்து தலைமுடி. இந்த வயதிலும் சுருள் சுருளாக, மை பூசியதுபோல இருக்கும். மை பூசியதுதான். அந்த வீட்டில் வெள்ளையாக ஒரு தலையணை உறை கிடையாது.

அவருக்கு மாதக்கணக்கில் வறட்டு இருமல். தொண்டைக்குள் யாரோ கோழி இறகை விட்டு ஆட்டுவதுபோல அரிப்பு. மிளகுக் கஷாயம், அதிமதுரம், மஞ்சள் பால் எல்லாம் உள்ளே போயின. இருமல் மட்டும் வெளியே வந்துகொண்டே இருந்தது. கரண்ட் போனால் தறி நிற்கும்; இவர் இருமல் நிற்காது.

ஒருநாள் அவர் மனைவி தாட்சாயணி, திருமலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

“ஏடுகொண்டலவாடா! இவரு இருமல் நின்னா, இவரு முடிய உனக்கே குட்த்துடறேன்.”

“ஏமே, என் முடிய குடுக்க நீ யாரு?”

“உன் இருமலால தூக்கம் கெட்டவ.”

கொஞ்ச நாளில் இருமல் குறைந்தது. செங்கல்வராயன் பயந்துபோனார். இனி எக்காரணம் கொண்டும் குணமாவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார். தாட்சாயணி கடைக்குப் போனால் வீடு அமைதி. திரும்பி வந்தால் லொக், லொக்.

“இன்னாய்யா, டிவி பாக்க சொல்ல ஒரு இருமலும் காணோம்?”

“உள்ள அடக்கி வச்சிக்கினு கீறேன்.”

“பிரியாணி துன்ன சொல்லவும் அடக்கிக்கினியா?”

“அதான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சி. லொக்!”

தாட்சாயணி வாதாடவில்லை. மறுநாள் காப்பியை நீட்டியபடி சொன்னார்.

“வேண்டுதல மாத்திட்டேன்யா. இருமல் நின்னா ஒரு தேங்கா. நிக்கலன்னா மொட்டை. மீசையும் சேத்து.”

அவர் கை மீசைக்குப் போனது. வரவிருந்த இருமலைக் காப்பியோடு விழுங்கினார். மத்தியானத்துக்குள் தெருவுக்கே அறிவித்துவிட்டார்: “சுத்தமா போயிடுச்சி!”

“நெஜமாவா?” என்றார் தாட்சாயணி.

“உன் மேல சத்தியமா.”

“அப்ப கெளம்பு. அலிபிரிலேர்ந்து நடந்தே ஏறலாம்.”

“ஒரு தேங்காய்க்கு இன்னாத்துக்கு மலை ஏறணும்?”

“தேங்காயா? சாமிகிட்ட வேண்டிக்கினத யாராவது மாத்துவாங்களா? அது உங்கிட்ட சொன்னது.”

லொக், லொக் என்று இருமிப் பார்த்தார். பெற்ற மகளே சிரித்துவிட்டாள். படி முழுக்க ஒரு இருமல்கூட இல்லாமல் ஏறி, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இறங்கினார். மீசையை மட்டும் தாட்சாயணி விட்டுவைத்தார். பெரிய மனசு.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. அத்தனை கஷாயத்துக்கும் அசையாத இருமல் எப்படிக் குறைந்தது? போன வாரம் திருப்பதி பஸ்ஸில் தாட்சாயணி அத்தையைப் பார்த்தேன், கேட்டேவிட்டேன்.

“அவரு துன்ற பிபி மாத்திரையால வர்ற இருமலா இருக்கும்னு டாக்டர் வேற மாத்திரை எழுதிக் குட்த்தாரு கண்ணு. இவரு வெளிய பைக் கண்ணாடில தலை சீவிக்கினு இருந்தாரு.”

“வேண்டிக்கிட்டதுக்கு முன்னாடியா அத்தை, பின்னாடியா?”

“முன்னாடிதான். சும்மாங்காட்டியும் சாமிய கஷ்டப்படுத்தலாமா?”