ஏழாம் நம்பர் படுக்கையில் ஒரு டெஸ்ட் பீஸ்

ஆஸ்பத்திரிகளுக்குப் போய், எங்கெங்கே கவனம் தப்பினால் நோயாளிக்கு ஆபத்து வரும் என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. குவாலிட்டி கன்சல்டன்ட் என்பார்கள். சின்ன வயதிலிருந்தே இதற்கென்று படித்து வந்தவர் எங்கள் தொழிலில் ரொம்பக் குறைவு. முக்கால்வாசிப் பேர் வேறு எதையோ செய்துகொண்டிருந்து, ஏதோ ஒரு திருப்பத்தில் இந்தப் பக்கம் வந்தவர்கள். நர்ஸாக இருந்தவர்கள் உண்டு, லேப் டெக்னீஷியன்கள் உண்டு, மருந்துக் கடை வைத்திருந்தவர்கள் உண்டு, நோயாளிகளைப் பார்த்து அலுத்துப்போன டாக்டர்கள்கூட உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் வக்கீல். நான் பிஸ்கட்.

(சிரிக்க வேண்டாம். பிஸ்கட்டிலும் தரம் பார்க்க ஆள் வேண்டும்.)

சேதராப்பட்டில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் ஆறு வருடம் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். நிரந்தர வேலை, மத்தியானச் சாப்பாடு, தீபாவளிக்கு மூன்று கிலோ உடைந்த பிஸ்கட். அதை விட்டுவிட்டு, அஞ்சல் வழியில் ஒரு மருத்துவமனை நிர்வாகப் படிப்பை முடித்து, இந்தத் தொழிலுக்கு வந்தேன். அப்போது என் மனைவி கலைச்செல்விக்கு ஐந்தாம் மாதம். கரியமாணிக்கத்தில் கரும்பு போட்டிருந்த என் மாமனார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"டாக்டருக்குத் தெரியாதது ஒங்களுக்கு இன்னா மாப்ள தெரிஞ்சிடப் போவுது?"

 அதனாலேயே எப்படியாவது நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. வெறியோடு வேலைக்குப் போகிறவனை முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவது எல்லோருக்கும் நல்லது. இது எனக்கு இப்போது தெரிகிறது.

என்னை வேலைக்குச் சேர்த்தவர் வில்லியனூர் சகாயமேரி மேடம். பதினெட்டு வருடம் நர்ஸாக இருந்துவிட்டுச் சொந்தமாக இந்தத் தொழிலை நடத்துகிறவர். அளந்துதான் பேசுவார். "ஒரு மாசம் பாப்பேன் கதிர். தேறலன்னா அனுப்பிடுவேன். மொத வாரம் வாயத் தொறக்காம, எதையும் தொடாம, சும்மா நின்னு பாரு" என்றார்.

நான் ஒரு நாள் நின்று பார்த்தேன்.

அது பாகூர் பக்கம் இருபத்தைந்து படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கீகாரச் சான்றிதழ் வாங்க எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லா நோயாளிகள் கையிலும் பெயரும் வயதும் எழுதிய டேக் கட்டியிருந்தது. ஆனால் அதை யாராவது படிக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தோடு நின்றிருந்தால் நான் கன்சல்டன்ட். எனக்குள் இருந்த பிஸ்கட்காரன் விடவில்லை.

பிஸ்கட் லைனில் ஒரு வழக்கம் உண்டு. மாவில் ஆணி, கம்பித்துண்டு ஏதாவது கலந்திருந்தால் கண்டுபிடிக்க ஒரு மெஷின் இருக்கும். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, சின்ன இரும்புக் குண்டு பதித்த ஒரு துண்டை மணிக்கொரு தரம் பிஸ்கட்டோடு பிஸ்கட்டாக அனுப்புவோம். அதுதான் டெஸ்ட் பீஸ். மெஷின் அதைக் கண்டுபிடித்து வெளியே தள்ளினால் லைன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இங்கேயும் ஒரு டெஸ்ட் பீஸை அனுப்பினால் என்ன என்று தோன்றியது. இரும்புக் குண்டுக்கு எங்கே போவது? நானே போனேன்.

(ஃபேக்டரியில் எல்லோரிடமும் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் டெஸ்ட் பீஸை அனுப்புவோம். அந்தப் பகுதியை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன்.)

இரண்டாம் நாள் காலை, இரவு டியூட்டி முடிகிற நேரம். ஸ்டோரில் ஒரு பச்சை கவுன் வாங்கிக்கொண்டேன். ஒரு டேக்கில் 'முருகையன், 45' என்று இல்லாத ஆளின் பெயரை எழுதிக் கையில் கட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காலியாக இருந்த ஏழாம் நம்பர் படுக்கையில் படுத்தேன். 'யாருய்யா நீ' என்று யாராவது கேட்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பதுதான் திட்டம்.

அந்தப் படுக்கை காலி இல்லை. குடலிறக்க ஆப்பரேஷனுக்காகத் தனபால் என்று ஒருவரை அன்று விடியற்காலையில் அதில் சேர்த்திருக்கிறார்கள். அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வெளியே போயிருந்தார். இது எனக்குத் தெரியாது.

இரவு டியூட்டி நர்ஸ் கேஸ் ஷீட்டோடு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தனபால்தானே?"

பேரை அவரே சொல்லாமல், 'உங்க பேரு என்ன' என்று கேட்டிருக்க வேண்டும். முதல் தப்பு கிடைத்த சந்தோஷத்தில் "ம்ம்" என்றேன்.

"வயசு அம்பத்தெட்டு?"

எனக்கு முப்பத்தொன்று. அதற்கும் "ம்ம்" என்றேன். அவர் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டுச் சரி என்று எழுதிக்கொண்டார். அன்றைக்கு என் மனதில் விழுந்த முதல் அடி அதுதான்.

"காலையில ஒண்ணும் சாப்புடலயே?"

பதற்றத்தில் நான் உண்மையிலேயே சாப்பிடவில்லை. "இல்ல" என்றேன். டிக் அடித்தார்.

அடுத்து வார்டு அட்டெண்டர் குப்புசாமி பிளேடும் சோப்புத் தண்ணீருமாக வந்து திரையை இழுத்துவிட்டார். இந்த இடத்தில் புத்தியுள்ளவன் எழுந்திருப்பான். நானோ, இவர் கட்டாயம் டேக்கைப் பார்ப்பார், அப்போது நடந்ததையெல்லாம் ரிப்போர்ட்டில் பிரமாதமாக எழுதலாம் என்று படுத்திருந்தேன். அவர் டேக்கைப் பார்க்கத்தான் செய்தார். "தண்ணி படப் போவுது, கைய மேல தூக்கிக்குங்க" என்றார்.

எந்த இடத்தில் சவரம் செய்தார் என்று நான் எழுதத் தேவையில்லை. கூர்மையான பிளேடு அந்தப் பக்கத்தில் இருக்கும்போது கன்சல்டன்ட் என்றெல்லாம் விளக்கம் சொல்ல எனக்குத் துணிவில்லை. முடித்துவிட்டு எனிமா டப்பாவை எடுத்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"அண்ணே, நான் பேஷண்ட் இல்ல. குவாலிட்டி கன்சல்டன்ட்."

"தெரியும் சார்" என்றார் குப்புசாமி, பொறுமையாக. "இத எடுத்தாலே எல்லாரும் ஏதாச்சும் ஆபீசர் ஆயிடுறாங்க. போன வாரம் ஒருத்தரு தாசில்தாருன்னாரு. எடது பக்கம் திரும்புங்க."

திரும்பினேன்.

அதற்கப்புறம் வார்டுக் கோடியில் இருந்த கழிவறைக்கு நான் போன வேகத்தில் எந்தப் பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்திலும் ஓடியதில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கும்போது, கதவுக்கு வெளியே யாரோ ஏழாம் நம்பர் படுக்கையில் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. எங்கேயோ கேட்ட குரல்.

"ரெண்டு போண்டா, ஒரு டீ. போண்டா நல்லா சூடா இருந்துச்சி."

"துன்னக் கூடாதுன்னு சொன்னாங்க இல்ல?" இது அடுத்த படுக்கைப் பக்கமிருந்து ஒரு பெண்குரல்.

"அட, ஆப்பரேஷன் வயித்துலயா பண்றாங்க? கீழதான."

அதற்குள் டியூட்டி மாறிவிட்டது. பகல் நர்ஸ் புதியவர். ஸ்ட்ரெச்சரின் சக்கரச் சத்தத்தோடு அவர் குரலும் கேட்டது. "ஏழாம் நம்பர், எல்லாம் ரெடி. சாப்புடல, ஷேவிங் ஆச்சு, எனிமா ஆச்சு. ஏறிப் படுங்க, நேரா தியேட்டர்தான்."

 அந்த டிக் எல்லாம் என்னுடையவை. போண்டா மட்டும் அவருடையது.

"நிறுத்துங்க, அவருக்கு ஒண்ணும் பண்ணல, எல்லாம் எனக்குத்தான் பண்ணாங்க" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

"உள்ள யாரு? செத்த இருங்க, ஒங்கள அப்பறமா பாக்குறோம்" என்றார் நர்ஸ். சக்கரம் நகர ஆரம்பித்தது.

எனிமா வாங்கியவனுக்கு வெளியே வருவது அவ்வளவு சுலபமான முடிவு இல்லை. என் வேலை, என் மானம், என் வயிறு மூன்றும் உள்ளேயே இருக்கச் சொல்லின. ஆனால் அந்தச் சக்கரச் சத்தம் தள்ளித் தள்ளிப் போவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஒரு கையால் கவுனைப் பின்பக்கம் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் ஸ்ட்ரெச்சருக்கு முன்னால் நின்றேன்.

"இவர் சாப்ட்டிருக்காரு. கொண்டு போவாதீங்க."

ஸ்ட்ரெச்சரில் இருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். கரியமாணிக்கத்தில் மோட்டார் கொட்டகைக்காரர் என்றே எல்லோரும் கூப்பிடுகிறவர்; கலைச்செல்விக்குச் சித்தப்பா முறை, எனக்கு மாமா. அவர் பெயர் தனபால் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"அய்யய்யோ, நம்ம கலை வூட்டுக்காரரு" என்றார் அவர் மனைவி, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு.

சத்தம் கேட்டு மேடமும் சர்ஜனும் வந்துவிட்டார்கள். மேடம் என்னைப் பார்க்கவே இல்லை. நேராகத் தனபால் மாமாவிடம் போய், "கடைசியா எப்ப சாப்ட்டீங்க?" என்று கேட்டார்.

"இப்பத்தாம்மா. சூடா."

ஆப்பரேஷனை மறுநாளுக்குத் தள்ளி வைத்தார்கள். சர்ஜன் எனக்குப் பின்னால் வந்து, கவுனின் நாடாவைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் மறுபடியும் கழிவறைக்குப் போய், திரும்பி வந்து, சட்டை போட்டுக்கொண்ட பிறகு மேடம் கூப்பிட்டார். "டேக்க யாரும் பாக்கலன்னு கண்டுபுடிச்சிட்ட. சரி. ஆனா அந்தத் தாளுல சாப்புடலன்னு டிக் விழுந்தது ஒன்னாலதான. மயக்கத்துல அவரு வாந்தியெடுத்து, அது நுரையீரலுக்குள்ள போயிருந்தா இன்னா பண்ணுவ? தப்பு எங்கன்னு தேடப் போயி, நீயே ஒரு தப்ப உள்ள வெச்சிட்டு வந்திருக்க."

நான் அழுதுவிட்டேன். வேலை போய்விட்டது என்பதற்காக அழுததாகத்தான் அவர் நினைத்திருப்பார். உண்மையில் அந்தச் சக்கரச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

"ரிப்போர்ட்ட நீயே எழுது. மொத காரணம் ஒம்பேரு. அப்பறம்தான் மத்தவங்க" என்றார். நான் எழுந்து வாசல் வரைக்கும் போன பிறகு, "நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடு. வெக்கத்தப் பாத்து உள்ளயே குந்தியிருந்தா இன்னைக்கே அனுப்பியிருப்பேன்" என்றார்.

மறுநாள் தனபால் மாமாவுக்கு ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் செய்தி முதல் நாள் சாயங்காலமே கரியமாணிக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. "மாப்ள எனக்கோசரம் பாதி ஆப்பரேஷன் பண்ணிக்கினாரு" என்று வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார்.

வருடம் பல ஆகிவிட்டது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, எந்தப் பந்தியிலும் எனக்கு எதிர் வரிசையில் இடம் பார்த்துத்தான் மாமா உட்காருவார். இலையில் சோறு விழுந்ததும் ஒரு கவளத்தை உயர்த்திக் காட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார்:

"மாப்ள, நான் துன்றேன், நல்லா பாத்துக்குங்க. துன்னலன்னு எழுதிடாதீங்க."

பந்தியே சிரிக்கும். கலைச்செல்விதான் முதலில் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, அந்தச் சக்கரச் சத்தம் இன்னும் காதில் கேட்க, அவர் இரண்டாம் தரம் சோறு வாங்குகிறாரா என்று பார்ப்பேன். வாங்கிய பிறகுதான் என் இலையில் கை வைப்பேன்.