ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல்

ஆட்டோ எந்த ஓட்டல் வாசலில் நிற்கிறது என்று பார்த்ததும், இறங்குவதற்காக நீட்டிய காலை முனியம்மாள் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"எறங்கும்மா," என்றான் மகன் சிங்காரவேலு. "பன்னெண்டு வருசமா இங்க தட்டு கழுவுற. இன்னிக்கி ஒக்காந்து துன்னு. அதான் சர்ப்ரைஸுன்னேன்."

மயிலாப்பூரில் அந்த சைவ ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமை லீவு என்ற பேச்சே கிடையாது. பொய் சொல்லி லீவு போட்டால் சீட்டு கிழியும் என்று சூப்பர்வைசர் கல்யாணராமன் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். அவருக்குத்தான் முனியம்மாள் விடிகாலையில் போன் போட்டு, காய்ச்சல் என்று சொல்லி, சொன்னது போதாதோ என்று நான்கு முறை இருமியும் காட்டியிருந்தாள். அவர் திட்டவில்லை. போன வருஷம் நிஜமாகவே காய்ச்சல் வந்தபோது, காய்ச்சல் உடம்புக்குத்தானே, கைக்கு என்ன என்று கேட்ட மனிதர் அவர். இன்று உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

இதை மகனிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் ஜானு இருந்தாள். மருமகளாக வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஞாயிறு லீவு கிடைக்குமா அத்தை என்று அவள் முந்தாநாள் கேட்டபோது, நான் கேட்டு இல்லையென்று சொல்கிற தைரியம் அங்கே எவனுக்கும் கிடையாது என்று முனியம்மாள் வீறாப்பாகச் சொல்லியிருந்தாள்.

"வேற ஓட்டலே கெடைக்கலியா நைனா ஒனக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கினாள்.

உள்ளே நிற்க இடமில்லை. சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் நின்றார். சுவரோரம் ஒரு மேசை மட்டும் மூன்று டம்ளர் தண்ணீரோடு காலியாக இருந்தது. சிங்காரவேலு நேராகப் போய் அதில் உட்கார்ந்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

முனியம்மாள் ஹாலுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சுவர் முழுக்கக் கண்ணாடி. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற கல்யாணராமன் அதில் முழுசாகத் தெரிந்தார். எழுந்து எதிர்ப்பக்கம் மாறினாள். இப்போது கண்ணாடி இல்லாமலே தெரிந்தார். முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள்.

"இன்னா அத்தே, குளுருதா?" என்று கேட்ட ஜானு, சர்வரைக் கூப்பிட்டுச் சொல்லி மேலே ஓடிய ஃபேனை நிறுத்தவைத்தாள். வேர்த்துப்போய்ப் பின்னால் நின்ற ஆறு பேரும், யாருக்காக ஃபேன் நின்றது என்று முக்காட்டை முறைத்துப் பார்த்தார்கள்.

சீக்கிரம் கிளம்பினால் போதும் என்று இரண்டு இட்லி கேட்டாள். மகன் காதில் வாங்காமல் நெய் ரோஸ்ட் சொன்னான். வேலையாட்களுக்கு அங்கே தனிச் சமையல். ரோஸ்ட் என்று அவள் இதுவரை பார்த்ததெல்லாம் எச்சில் தட்டில் ஒட்டிக் கிடக்கும் துண்டுகளைத்தான். வந்து இறங்கியது தட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நீளமா என்று அசந்துபோனாள். பயம்கூட மறந்துவிட்டது. ஓரத்தை ஒடிக்கக் கையை வைத்த நேரத்தில், கல்யாணராமன் அந்தப் பக்கமாக நடந்து வந்தார்.

"கை கழுவினு வந்துர்றேன்," என்று எழுந்து ஓடினாள்.

கை கழுவும் இடத்தை ஒட்டித்தான் தட்டு கழுவும் கட்டு. உள்ளே, கூடத் தட்டு கழுவும் ரூபீனா ஒண்டி ஆளாக நின்றாள். தட்டுகள் அவள் தோள் உயரத்துக்கு ஏறியிருந்தன.

"இன்னாக்கா, காய்ச்சல்னு சொன்னாங்கோ. பட்டுப்பொடவ கட்டிகினு நிக்கிற?"

அந்தக் குவியலைப் பார்த்ததும் முனியம்மாளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பத்துத் தட்டு, இரண்டு நிமிஷம் என்று புடவையைத் தூக்கிச் செருகினாள். முப்பதாவது தட்டில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"காய்ச்சலோடயா வந்துட்டே?"

கல்யாணராமன் நின்றிருந்தார்.

"ரூபீனா ஒண்டியா கஷ்டப்படுமேன்னு மனசு கேக்கல சார்."

"காய்ச்சலுக்குப் பட்டுப்புடவையா?"

"குளுருக்கு சார். இதான் தடிப்பு."

"தலைல மல்லி?"

"அது... தலவலிக்கு சார்."

ரூபீனா குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள். கல்யாணராமன் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினார். இல்லாத காய்ச்சலுக்கு அவள் அவர் கண்ணெதிரே அதை விழுங்கினாள். தொண்டையில் கசந்தது. மயக்கம் கியக்கம் வந்துவிடப் போகிறது, வாசல் வரைக்கும் தானே கொண்டுவந்து விடுகிறேன் என்றார். பின்வாசல் வழியாகவே போய்விடுகிறேன் என்று கெஞ்சினாள். பின்பக்கப் படியில் இறங்குவது காய்ச்சல்காரிக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு அவர் ஹாலுக்குள் முன்னால் நடந்தார்.

பன்னிரண்டு வருஷத்தில் இத்தனை மெதுவாக அவள் அந்த ஓட்டலுக்குள் நடந்ததில்லை. மேசையைத் தாண்ட இரண்டு அடிதான் பாக்கி. ஜானு எழுந்து நின்றாள்.

"எங்க போனீங்கோ அத்தே? ரோஸ்ட்டு ஆறிப் போச்சு."

கல்யாணராமன் நின்றார். முனியம்மாளும் நின்றாள். மருமகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், வேலையும் போகப்போகிறது. சோப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த விரல்களை அவள் புடவையில் துடைத்தாள். பட்டில் ஈரம் கறையாகப் பரவியது.

"சார், எம் மருமவ முன்னாடி வாணாம் சார். நாளைக்கி வந்து சீட்ட வாங்கிக்கிறேன்," என்றாள் அடிக்குரலில்.

கல்யாணராமன் ஆறிப்போன ரோஸ்ட்டை எடுக்கச் சொல்லி சர்வருக்குக் கை காட்டினார். முறுகலாக இன்னொன்று கொண்டுவரச் சொன்னார். சிங்காரவேலு வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் உட்காருகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு லீவு உம் பிள்ளை புதன்கிழமையே வந்து கேட்டு வாங்கிண்டு போயிட்டான், முனியம்மா. அந்தக் காய்ச்சலைப் பத்திரமா வெச்சுக்கோ, தீபாவளிக்கு ஆகும்."