மாப்பிள்ளையை விசாரிக்க மலை ஏறிய கதை

இயேசு மரி சூசை துணை

ஃபாரஸ்ட் கேட், லண்டன்
17.06.1996

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் யாக்கோப்பு எழுதிக்கொள்வது. இங்கு நானும் பெர்னடெற்றும் மகள் அஞ்சலீனாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம்; என் வலது கால் மட்டும் சுகமில்லை. ரொறன்ரோவில் நீங்களும் அக்காவும் சுகமாயிருக்கத் தினமும் செபமாலை சொல்கிறோம்.

அஞ்சலீனாவுக்கு நீங்கள் கொண்டுவந்த சம்பந்தம் விஷயமாக எழுதுகிறேன். பெடியன் பெயர் அருள்நேசன், எஞ்சினியர், தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் சொந்த வீடு என்று எழுதியிருந்தீர்கள். ஊரிலென்றால் மாப்பிள்ளையை விசாரிப்பது அரைநாள் வேலை. சந்திக் கடையில் ஒரு தேத்தண்ணி, சலூனில் ஒரு சவரம், சங்கக்கடை மனேச்சரோடு ஐந்து நிமிடம், மூன்று தலைமுறையும் வெளியில் வந்துவிடும். இங்கே அவனுடைய பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். வெள்ளைக்காரக் கிழவி திறந்து, எட்டு வருடமாக இருக்கிறான், பெயர் தெரியாது, குப்பைத் தொட்டியை மட்டும் நேரத்துக்கு வெளியில் வைப்பான் என்றாள். குப்பைத் தொட்டியை நம்பிப் பெண் கொடுக்க ஏலுமா?

அந்த நேரம் பார்த்து அவனே போன் எடுத்து, "அங்கிள், மூண்டு நாள் ஸ்கொட்லாந்திலை நடக்கப் போறன், நீங்களும் வாறீங்களோ?" என்றான். மூன்று நாள் கூட இருந்தால் குடி, சிகரெட் எல்லாம் தெரிந்துவிடும் என்று ஓம் சொன்னேன். நடப்பதென்றால் பார்க்கில் நடப்பது என்று நினைத்துக் கோயிலுக்குப் போடும் கறுப்புச் சப்பாத்தோடு வெளிக்கிட்டேன். முதல் நாளே அது வாயைப் பிளந்தது, பெடியன் கயிறு எடுத்துக் கட்டினான், குடை காற்றோடு போனது, மழை நின்றால் பூச்சி, பூச்சி நின்றால் மழை, பூச்சிகளும் என் மொட்டையையே தேடிக் கடித்தன. இரண்டாம் நாள் ஏறச் சொன்ன பாதையின் பெயர் பிசாசின் படிக்கட்டு. ஞானஸ்நானம் பெற்றவனை ஏற்றுகிற இடமா அது? செபமாலையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஏறும்போதே விசாரணையையும் தொடங்கினேன். "தம்பி... உம்மட தாயார்... எந்த..." என்பதற்குள் மூச்சு முடிந்துவிடும். அவன் நின்று தண்ணீர் தந்து, "இது ஆமிக்காரர் போட்ட ரோட்டு அங்கிள், இருநூற்றைம்பது வருசமாச்சு" என்பான். நான் கேட்டது தாயின் ஊரை.

உச்சியில் பாணும் சீஸும் தந்துவிட்டு, கிளென்கோ பள்ளத்தாக்கைக் காட்டி, முந்நூறு வருடத்துக்கு முன் அங்கே பன்னிரண்டு நாள் விருந்து சாப்பிட்ட ஆமிக்காரர் விடியப்புறம் எழும்பிச் சாப்பாடு போட்டவர்களையே கொன்றார்கள் என்றான். இவனை எப்படி வேண்டாம் என்று சொல்வது என யோசித்தபடி அவன் தந்த பாணைத்தான் நான் சப்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் கூரையில்லாத கல்வீடுகள். ஆடு வளர்க்கவென்று நிலச்சொந்தக்காரர் சனத்தை எழுப்பிவிட்ட இடமாம். அடுப்பு இருந்த மூலையைக் காட்டி, "எங்கட சனமும் போன ஒக்ரோபரிலை ஆமி வர இப்பிடித்தானே ஊரை விட்டு வெளிக்கிட்டது அங்கிள், கையிலை அம்பிட்டதோடை" என்றான். செபமாலையை எடுத்து அவர்களுக்காக ஒரு செபம் சொன்னேன். மனம் சரியில்லாமல் போய்விட்டது.

ஆனாலும் அத்தான், இது சரிவராது. கார் வைத்திருப்பவன் நடக்கிறான் என்றால் யோசிக்க வேண்டாமா? செத்துப்போன ஸ்கொட்லாந்துக்காரர் எல்லாரையும் பெயர் பெயராய்ச் சொன்னான், தன் குடும்பத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிள்ளைக்கு இருபத்தெட்டாகிறது, இதையும் விட்டால் எது வரும் என்று பெர்னடெற் அழுகிறாள். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. தெரியாத கையில் கொடுத்துவிட்டுச் சாகும்வரை பயந்துகொண்டிருக்க என்னால் ஏலாது. அவர்கள் மனம் நோகாமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மருதமடு மாதா உங்கள் வீட்டைத் தன் கைக்குள் வைத்திருப்பாளாக. அக்காவை முழங்காலை டொக்டரிடம் காட்டச் சொல்லவும்.

இப்படிக்கு,
அன்பு மைத்துனன்
யாக்கோப்பு

பி.கு.: முத்திரை கேட்கப்போன இடத்தில் அஞ்சலீனா கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டாள். இரண்டு வருடமாக அவள் செய்த சனிக்கிழமை ஓவர்டைம் எல்லாம் அவனோடு நடக்கப் போனதாம். "நான்தானப்பா ரொறன்ரோ மாமாவுக்கு எழுதி, சம்பந்தம் மாதிரிக் கொண்டுவரச் சொன்னனான்" என்கிறாள். உங்களோடு இதைப் பிறகு பேசிக்கொள்கிறேன், அத்தான். என்னை ஸ்கொட்லாந்துக்குக் கூட்டிப்போகச் சொன்னதும் அவள்தான். இந்த மாமனாரோடு காலம் தள்ள ஏலுமோ என்று அவன் முதலில் பார்க்க வேண்டுமாம். பார்த்துவிட்டு என்ன சொன்னான் என்று கேட்டேன். "அப்பாவுக்குக் கோவம் வரும், ஆனால் பாதியிலை திரும்பிற ஆள் இல்லை எண்டவர்" என்றாள். ஆகவே மேலே உள்ளதை மறந்துவிட்டு, எங்களுக்கு முழுச் சம்மதம் என்று சொல்லுங்கள். மூன்று நாளில் நான் விசாரித்ததைவிட அவன் நன்றாக விசாரித்திருக்கிறான்.