மாமாவின் மீன்தொட்டியில் ஏடு எடுத்த நாள்

நான் சொன்னதிலேயே பெரிய பொய்க்கு ஆயுள் இரண்டு மணி நேரம். அதையும் நான் வாய் திறந்து சொல்லவில்லை. அது தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தது.

எனக்குக் கல்யாணமாகி ஐந்தாவது மாதம். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார், காக்ஸ் டவுனில் தனியாக இருந்தார். ஹாலில் ஒரு சின்ன உப்புத் தண்ணீர் மீன்தொட்டி. அதில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். மறைந்த மாமியார் தன் கடைசி வருஷத்தில் ஆசைப்பட்டு வாங்கியவை. தினமும் காலையில் மாமா தீனி போட்டபடியே அவற்றிடம் மெதுவாக ஏதோ பேசுவார். என்ன பேசுகிறார் என்று நாங்கள் யாரும் பக்கத்தில் போய்க் கேட்டதில்லை.

மாமாவும் என் மனைவி ஜெனியும் நான்கு நாள் வேளாங்கண்ணிக்குக் கிளம்பினார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மாமா வீட்டில் தங்கி, அங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டு மீன்களையும் கவனிப்பது என்று ஏற்பாடு.

“ஒரு சிட்டிகை தீனி போடுங்க மாப்பிள்ளை. வேற எதையும் தொட வேணாம்” என்றார் மாமா.

முதல் நாளே தொட்டேன். பம்ப் தண்ணீரைக் கொட்டும் சத்தம் மீட்டிங்கில் கேட்டது. (“யார் வீட்டுல குழாயை மூடாம வெச்சிருக்கீங்க?” என்றார் மேனேஜர்.) பம்பின் வாயைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பினேன். சத்தம் நின்றது. அந்தச் சந்தோஷத்தில் தீனியையும் தாராளமாகப் போட்டேன்.

நான்காம் நாள் காலை, ஆறிய பாலில் படிவது போலத் தண்ணீரின் மேல் ஏடு படிந்திருந்தது. மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சிவாஜிநகர் வளர்ப்பு மீன் கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

“ஏடு கட்டினா உள்ள காத்து போகாது சார். டிஷ்யூ பேப்பரை மேல விரிச்சு, ஏடு ஒட்டினதும் ஓரமா தூக்கிடுங்க. அப்புறம் பம்ப் வாயை மேல திருப்புங்க. தண்ணி ஆடிக்கிட்டே இருக்கணும்.”

டிஷ்யூ இல்லை, செய்தித்தாள் இருந்தது. ஆறு தாள்களை ஒவ்வொன்றாக விரித்து, தூக்கி, சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். பம்பின் வாயை மேலே திருப்பி, முழு வேகத்தில் ஓடவிட்டேன். வாசலில் கசா வண்டி வந்தது (குப்பை ஆட்டோவுக்கு மாமா தெருவில் அதுதான் பெயர்). கூடையைக் கொட்டிவிட்டு வந்து தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

மீன் ஒன்றுதான் இருந்தது.

தாளோடு சேர்த்துச் சுருட்டிவிட்டேன்! லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி, அடுத்த தெரு முனையில் வண்டியை மடக்கினேன். இரண்டு கையையும் உள்ளே விட்டுத் துழாவினேன்.

“என்னா சார் தேடுறீங்க?” என்றார் வண்டியோடு வந்த அக்கா.

“மீன்.”

“நெறைய இருக்கு சார். தலையா, முள்ளா?”

சர்ச்சிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். என் மீன் கிடைக்கவில்லை.

குளித்துவிட்டு நேராக சிவாஜிநகர் போனேன். அதே அளவில் ஒரு கோமாளி மீன் கேட்டேன்.

“ஜோடி இருக்கிற தொட்டியில மூணாவதை விட்டா அடிச்சுக்கும் சார்” என்றார் கடைக்காரர்.

“இது மூணாவது இல்லைங்க, ரெண்டாவது” என்றேன் துக்கத்தோடு.

மீனைத் தொட்டியில் விட்டு இரண்டு மணி நேரத்தில் மாமாவும் ஜெனியும் வந்துவிட்டார்கள். மாமா பையைக் கீழே வைத்ததும் தொட்டியருகே போனார். வெகு நேரம் பார்த்தார். “ஜெனி, என் கண்ணாடியை எடுத்துட்டு வாம்மா” என்றார். அதைப் போட்டுக்கொண்டு விரலால் எண்ணினார்.

“மாப்பிள்ளை, நான் போகும்போது ரெண்டு இருந்துச்சு. இப்ப மூணு இருக்கே?”

பம்பின் வேகத்துக்குப் பயந்து பாறைக்குப் பின்னால் பதுங்கியிருந்த மீன், மாமாவைப் பார்த்ததும் வெளியே வந்திருந்தது. புதிய மீனை இரண்டும் சேர்ந்து துரத்திக்கொண்டிருந்தன.

எல்லாவற்றையும் சொன்னேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்தார்.

“செத்திருந்தா செத்துப்போச்சுன்னு சொல்லுங்க. அதைக் கேட்டுக்கத் தெரியாத ஆளா நான்?”

“அத்தை வாங்கின மீனாச்சேன்னு...”

“அதனாலதான் சொல்றேன். அவ போனதையே என்கிட்ட வந்து சொன்னாங்க. கேட்டுக்கிட்டேன்.”

எனக்குத் தலை நிமிரவில்லை. அவரே கேட்டார்.

“குப்பை வண்டியிலயா தேடினீங்க?”

“ஆமா மாமா.”

“லுங்கியோடவா?”

“ஆமா.”

அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றே நினைத்தேன். சிரிப்பு. அம்மா போன பிறகு டாடி சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டதாக, பிற்பாடு ஜெனி சொன்னாள்.

மூன்றாவது மீனை மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் “அடிச்சுக்கிச்சா சார்?” என்றார் கடைக்காரர்.

அடுத்த வருஷம் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த மாமா, குழந்தையை வாங்கி முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் என்னிடம் ரொம்பப் பணிவாகக் கேட்டார்:

“மாப்பிள்ளை, இது நம்ம வீட்டுதுதானே? சிவாஜிநகர் பக்கம் எங்கேயும் போய்ட்டு வரலையே?”

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், கேக் வெட்டும் முன் யாராவது ஒருவர் அதைக் கேட்காமல் விடுவதில்லை.